பாருல் நஸ்கர் உட்கார்ந்த நாள்

பாருல் நஸ்கருக்கு உட்காரத் தெரியாது. நோனாதலா ஸ்டேஷனில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். சோறு தின்னும்போதுகூடக் குந்தியிருந்து ஒரு முழங்காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். யாராவது பேச வந்தால், அவர்கள் பாதி சொல்வதற்குள் கோழியை விரட்டி, கொடியில் கிடக்கும் துணியைத் திருப்பிப் போட்டு, குளத்தில் ஒரு குடம் மொண்டு வந்து, "ம், அப்புறம்?" என்று நிற்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் புருஷன் சொல்வான். அவன் சொல்லலாம். ஆறு வருஷமாகக் கேரளத்தில் சாரம் கட்டும் வேலையில் இருக்கிறான். துர்கா பூஜைக்கு வந்து பத்து நாள் படுத்துக் கிடந்துவிட்டுப் போகிறவன்.

சக்கரம் அவளாகக் கட்டிக்கொண்டதல்ல. கானிங்கிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் முதல் வண்டி நோனாதலாவுக்கு நாலு ஐம்பத்தைந்துக்கு வரும், அதாவது வர வேண்டும். அதைப் பிடிக்க மூன்றரைக்கு எழுந்து, பழைய சோற்றைப் பச்சை மிளகாயோடு விழுங்கி, வரப்பில் ஓட வேண்டும். கல்கத்தாவில் டாகுரியா ஸ்டேஷனில் இறங்கினால் மூன்று வீடு. முதல் வீட்டில் பாத்திரம், இரண்டாவதில் சமையல், மூன்றாவதில் படுக்கையில் கிடக்கும் கிழவர் ஒருவரைக் குளிப்பாட்டுவது. மத்தியானம் இரண்டு பத்து வண்டியில் திரும்புவது. இருபத்திரண்டு வருஷம் இப்படி ஓடினால் யாருக்குத்தான் முழங்கால் ஆடாது?

அந்த வண்டியில் மீன்கூடைக்காரர்களையும் கீரைக்கட்டுக்காரர்களையும் விட்டால் மீதியெல்லாம் பெண்கள். நகரம் தானாகக் கண் விழிக்கிறது என்று நகரத்தார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். முதல் வண்டி ஒரு மணி நேரம் பிந்தினால் எந்தெந்த மாடியில் எந்தெந்தப் பிள்ளை சாப்பாட்டுப் பெட்டி இல்லாமல் பள்ளிக்கூடம் போகும், எந்த ஆபீஸ்காரர் முந்தின நாள் ரொட்டியைக் கடித்துக்கொண்டு படியிறங்குவார் என்று பாருல் விரல்விட்டுச் சொல்வாள். ஆனால் திட்டு வாங்குவது வண்டியல்ல, அவள்தான். ஒரு வாரம் பிந்தினால் முகம் சுளிப்பார்கள். இரண்டு வாரம் பிந்தினால் பக்கத்துச் சேரியிலிருந்து வேறு ஒருத்தியை வைத்துக்கொள்வார்கள். வீடு போய்விடும்.

இத்தனை ஓட்டத்துக்கும் அவளிடம் ஒரே ஒரு கணக்குத்தான் இருந்தது. மகள் மாம்பி அந்த முதல் வண்டியில் வேலைக்காரியாக ஏறக் கூடாது. படிப்புக்கு ஏறலாம், ஊர் சுற்ற ஏறலாம். கையில் மாற்றுப்புடவை மூட்டையோடு நாலு ஐம்பத்தைந்துக்கு ஏறக் கூடாது. இதை அவள் காளி கோயிலிலும் சொல்லியிருந்தாள், டிக்கெட் கொடுக்கும் கோஷ்பாபுவிடமும் சொல்லியிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாம்பிக்கு அரசு நர்ஸ் பள்ளியிலிருந்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்த அன்று, பாருல் கிராமத்துக்கே கேட்கும்படி குலவையிட்டாள். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குள் சான்றிதழ்களோடு வர வேண்டும், பிந்தி வருபவர்கள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டார்கள் என்று அதில் இருந்தது.

அதே திங்கட்கிழமைதான் மறியல்.

முதல் வண்டி இருபது நாளாக நாற்பது நிமிஷம், ஐம்பது நிமிஷம் என்று பிந்திக்கொண்டிருந்தது. நோனாதலாவில் மட்டும் ஐந்து பேருக்கு வீடு போயிருந்தது. மகஜர் கொடுத்தார்கள், அதை வாங்கிய குமாஸ்தா அதில் பொரி கட்டிக்கொண்டு போயிருப்பான். தண்டவாளத்தில் உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை என்று பெண்கள் சேர்ந்து முடிவு செய்தார்கள். தலைவி யார் என்று யாரும் கேட்கவில்லை. அது எப்போதும் பாருல்தான்.

மறியலுக்கு அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. நாலு வருஷத்துக்கு முன் ஒரு மறியலில், கல்யாணக் கோஷ்டி ஒன்று வந்து அழுதது என்று ஒரே ஒரு வண்டியை விட்டார்கள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்று வண்டி போனது. பேச வந்த அதிகாரி சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பாருல் சொன்னாள்: "இனிமே உக்காந்தா, கையெழுத்து போட்ட காகிதம் வர வரைக்கும் ஒரு வண்டியும் நகரக் கூடாது. கல்யாணம், சாவு, பரீட்சை, எதுக்கும் கிடையாது."

அடுத்த மறியலிலேயே அந்தச் சட்டம் ஒருத்தியைக் கடித்தது. ஹசீனா பீபி பாருலுக்குப் பக்கத்து இருக்கைக்காரி, அக்கா முறை வைத்து பாருல்தி என்று கூப்பிடுகிறவள். யார் முதலில் ஏறினாலும் மற்றவளுக்காக மூட்டையைப் போட்டு இடம் பிடிப்பார்கள். மறியலன்று விடியுமுன் அவளுடைய அப்பா கல்கத்தா பார்க் சர்க்கஸில் இறந்துபோனார். காலை எட்டு மணிக்கே அடக்கம். ஹசீனா பாருலின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு வண்டி பாருல்தி, இந்த ஒண்ணு மட்டும்" என்றாள். பாருல் விடவில்லை. ஹசீனா போய்ச் சேர்ந்தபோது மண் போட்டாகியிருந்தது. நாற்பது நாள் அவள் பாருலோடு பேசவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் பாருல் ஓடிவந்து ஏறியபோது ஜன்னலோரத்தில் ஹசீனாவின் மூட்டை கிடந்தது. ஹசீனா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காரு" என்றாள். அவ்வளவுதான். அதைப் பற்றி இருவரும் அதற்குப்பின் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆகவே இந்தத் தடவை பாருல் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டாள். டாகுரியாவில் தான் சமைக்கும் வீட்டு எஜமானி பௌதியிடம் கெஞ்சி, ஞாயிறு ராத்திரி மாம்பி அங்கே படுத்துக்கொள்ள அனுமதி வாங்கினாள். ஞாயிறு சாயங்காலம் மாம்பி பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். ராத்திரி போன் செய்தபோது, "வந்துட்டேன் மா, சாப்பிட்டேன், தூங்கப் போறேன்" என்றாள். பாருலும் நிம்மதியாகப் படுத்தாள். படுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், தூங்கவில்லை.

திங்கட்கிழமை நோனாதலா மேடையில் இருநூறு பெண்கள். ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று.

"என்ன கோஷ்பாபு, வண்டி இன்னிக்கும் மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வருதா?" என்று கேட்டாள் சாபித்ரி. வாயாடி, அந்த இருபது நாளில் வீடு போன ஐவரில் ஒருத்தி.

"என்னைக் கேட்டா? நான் டிக்கெட் குடுக்கிறவன்."

"டிக்கெட்டு குடுக்கத் தெரியுதுல்ல, வண்டியும் குடு!"

ஐந்து ஐம்பதுக்கு வண்டியின் விளக்கு தெரிந்தது. நனைத்த வாழை இலைகள் தயாராக இருந்தன. மூங்கில் கழியில் சுற்றி மேலே செல்லும் மின்கம்பியில் வீசினார்கள். படீரென்று ஒரு பொறி, கம்பியில் கரண்ட் போயிற்று. வண்டி நோனாதலாவுக்கு முன்னாலுள்ள லெவல் கிராசிங்கின் மேலேயே, சாலையை மறித்துக்கொண்டு நின்றது. பெண்கள் இரண்டு பாதையிலும் இறங்கி உட்கார்ந்தார்கள். குலவைச் சத்தம் மேகத்தைத் தொட்டது.

பாருல் கூட்டத்தின் நடுவில் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்தாள். முழங்கால் ஆடியது. மறியல்கள் வழக்கமாக எட்டு மணிக்குள் முடியும். பெரிய அதிகாரி வருவார், கையெழுத்து போடுவார், எல்லாரும் போய் மத்தியான வேலையையாவது பார்ப்பார்கள். ஏழு மணிக்குச் சின்ன அதிகாரி ஒருவர் வந்தார். இன்னும் மீசை சரியாக வராத பையன். கையெழுத்துப் போடும் அதிகாரம் தனக்கு இல்லை என்றும், பெரியவர் ஜீப்பில் வந்துகொண்டிருக்கிறார் என்றும் சொன்னார். எட்டு மணிக்கும் அதையே சொன்னார். பெரியவரின் ஜீப் லெவல் கிராசிங்குக்கு இரண்டு மைல் முன்னால் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தது. கிராசிங்கை அடைத்துக்கொண்டு நிற்பது இவர்கள் நிறுத்திய வண்டி. தன் கையாலேயே தன் கண்ணில் குத்திக்கொண்டது போல் ஆயிற்று என்று பாருலுக்குத் தோன்றியது.

எட்டேகாலுக்கு, நின்ற வண்டியின் பக்கத்திலிருந்து ஜல்லிக்கல்லில் ஒரு பெண் நடந்து வந்தாள். நீல சுடிதார், நெஞ்சோடு அணைத்த பிளாஸ்டிக் கோப்பு. நம்ம மாம்பி மாதிரியே இருக்கிறாளே என்றுதான் பாருல் முதலில் நினைத்தாள். அந்தச் சுடிதாரைச் சனிக்கிழமை வெந்நீர்ச் சொம்பால் தேய்த்துக் கொடுத்தது அவளே.

"நீ டாகுரியாவுலல்ல இருக்கணும்?"

"கானிங்ல, என்கூடப் படிச்ச ருமா வீட்டுல படுத்தேன் மா."

"சாப்பிட்டேன்னு சொன்னியே!"

"ருமா வீட்டுலதான் சாப்பிட்டேன்."

"ஏண்டி பொய் சொன்ன?"

மாம்பி சுற்றியிருந்த பெண்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பௌதி வீட்டு மாடிப்படிக்குக் கீழ பாய் போட்டுப் படுத்து, நமக்குன்னு தனியா வெச்சிருக்கிற டம்ளர்ல டீ குடிச்சிட்டு, அங்கேருந்து கிளம்பிப் போய் நர்சா ஆகணும்னு நிக்கணுமா? எனக்குப் பிடிக்கல மா. மொத வண்டி பிந்தினாலும் ஆறரைக்குப் போயிடும்னு நெனச்சேன். நீங்க உக்காந்ததும், எட்டுக்கு எந்திரிச்சிடுவீங்கன்னு நெனச்சேன். எப்பவும் எட்டுக்கு எந்திரிச்சிடுவீங்கல்ல?"

பாருலுக்கு அவளை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பத்தரை மணி. இன்னும் இரண்டேகால் மணி நேரம். இந்த வண்டி இப்போது நகர்ந்தால் ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

சின்ன அதிகாரி பக்கத்தில்தான் நின்றிருந்தார். காது கேட்காதவரல்ல. குனிந்து, சித்தி முறை வைத்து மரியாதையாக, "மாஷி, உங்க பொண்ணா?" என்றார். "எதுக்கு அவளோட வாழ்க்கையைக் கெடுக்கறீங்க? கம்பியில கரண்ட் அஞ்சு நிமிஷத்துல வந்துடும். இந்த ஒரு வண்டியை மட்டும் விடுங்க. அப்புறம் நாள் முழுக்க உக்காருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சாபித்ரிதான் முதலில் எழுந்தாள். "பாருல்தி, நம்ம பொண்ணுக்கு இல்லாத வண்டியா? எந்திரிங்கடி எல்லாரும்! நம்மள்ல ஒருத்தி ஊசி போடப் போறா!" பாதிப் பேர் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். யார் முகத்திலும் வருத்தமில்லை. கேட்காமலே கொடுத்தார்கள். அதுதான் பாருலால் தாங்க முடியாததாக இருந்தது. அவள் இடுப்பும் தண்டவாளத்தைவிட்டு அரை அடி எழும்பிவிட்டது.

அப்போது பக்கத்தில் ஹசீனா எழாமல் இருப்பதைப் பார்த்தாள். ஹசீனா தலை குனிந்து ஒரு ஜல்லிக்கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹசீனா."

"என்னைப் பாக்காத பாருல்தி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சொல்லேன்டி. எதையாவது சொல்லு."

"எதைச் சொல்ல? விடுன்னு சொன்னா நீ வண்டிய விடுவ, அப்புறம் ஆயுசுக்கும் என் மூஞ்சியப் பாக்க மாட்ட. விடாதேன்னு சொன்னா உன் பொண்ணு என் மூஞ்சியப் பாக்க மாட்டா. எனக்கு எதுக்கு இந்த வம்பு?"

பாருல் அரையடி உயரத்தில் அப்படியே நின்றாள். ஒரு பக்கம் கோப்பை அணைத்துக்கொண்டு மகள். இன்னொரு பக்கம், அப்பன் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க விடாமல் தான் பிடித்து வைத்தவள். இன்றைக்கு எழுந்தால் அன்றைக்குச் சொன்னது சட்டமல்ல, ஊரான் வீட்டுச் சாவு என்ற அலட்சியம். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

அவள் உட்கார்ந்தாள்.

"உக்காருங்கடி" என்றாள். யாரும் அசையவில்லை. "உக்காருங்கன்னு சொல்றேன்ல!"

பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மாம்பி நம்பாமல் பார்த்தாள். "நீ எந்திரிக்க மாட்டியா மா?"

"மாட்டேன். தண்டவாளத்தோடயே நட. ஜங்ஷன் ஆறு கிலோமீட்டர். அங்க மத்த பாதையில வண்டி ஓடும். நிக்காம போ."

அப்போது ஹசீனா கல்லைத் தூர எறிந்துவிட்டு எழுந்து, சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல் சொருகினாள். "செருப்பைக் கழட்டுடி. கட்டை மேல செருப்போட ஓட முடியாது. கோப்பைக் குடு என்கிட்ட." பாருலைத் திரும்பிப் பார்த்து, "நீ உக்காரு. இவளை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

இருவரும் போனார்கள். நீலச் சுடிதார் தண்டவாளத்தின் வளைவில் மறையும்வரை பாருல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வெறும் உட்காருதல். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு வேலையை அவள் செய்ததில்லை. வாய்க்கால் பாலம் தாண்டியிருப்பார்கள். செங்கல் சூளை தாண்டியிருப்பார்கள். இப்போது மூச்சு வாங்கியிருக்கும், நின்றிருப்பார்கள், நிற்காதே மாம்பி. ஓடித் தொலைக்க வேண்டிய கால் இரண்டையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். சாபித்ரி பொரியை நீட்டினாள். பாருல் அவளைப் பார்த்த பார்வையில் பொரி திரும்பிப் போனது.

பத்தேகாலுக்குப் பெரிய அதிகாரி யாருடைய மோட்டார் சைக்கிளின் பின்னாலோ தொற்றிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். நாளையிலிருந்து முதல் வண்டி குறித்த நேரத்துக்கு வரும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். குலவை கிளம்பியது. பாருலின் கால்கள் மரத்துப்போயிருந்தன. இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிட வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஹசீனாதான் நடந்ததைச் சொன்னாள். மாம்பி பின்கட்டில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளங்கால் கிழிந்திருந்தது.

"பத்து மணிக்கு முன்னாடியே ஜங்ஷனுக்குப் போயிட்டோம் பாருல்தி. ஆனா நம்ம பாதைக் கூட்டமும் அங்கதான் நடந்து வந்து குவிஞ்சிருக்கு. மொத வண்டியில ஏற முடியல. ரெண்டாவதுல இவளைத் தள்ளி, நான் வாசல்ல தொங்கினேன். போறப்ப பதினொண்ணு அஞ்சு. வாசல்காரன் கதவை மூடிட்டான். கால்ல விழாத குறை. உள்ளேருந்து ஒரு அம்மா வந்து, அடுத்த வருஷம் எழுதுமான்னு தன்மையாத்தான் சொல்லுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "கேட்டுக்கு வெளியில இன்னும் ரெண்டு பொண்ணுங்க நின்னு அழுதுக்கிட்டிருந்துச்சு. ரெண்டும் நம்ம வண்டிதான்" என்றாள்.

பாருல் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஹசீனா போகும்போது அவள் தோளில் கை வைத்தாள். "அன்னிக்கு உன் மேல இருந்த கோவம் இன்னிக்குப் போயிடுச்சு. ஆனா அது போறதுக்கு இவ்வளவு வேண்டாம் பாருல்தி. எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

சோறு போட்டபோது மாம்பி கேட்டாள்: "ஹசீனா மாஷி அங்க இல்லேன்னா நீ எந்திரிச்சிருப்பியா மா?"

பொய் சொல்லியிருக்கலாம். கொள்கை, சட்டம், ஐந்து பேர் பிழைப்பு என்று எவ்வளவோ இருந்தன. பாருல் சோற்றைப் பார்த்துக்கொண்டே, "எந்திரிச்சிருப்பேன்" என்றாள். "வண்டிய நானே தள்ளிட்டுக்கூட வந்திருப்பேன்."

மாம்பி தலையாட்டினாள். அதற்குப்பின் அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. பத்து நாள் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றா சொல்வது? கூட்டிய முற்றத்தையே கூட்டினாள். குளத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். பதினோராம் நாள் அடுப்படியில் வந்து நின்றாள்.

"ருமாவோட அத்தைக்குத் தெரிஞ்ச வீடு. பாலிகஞ்ச்ல. கொழந்தையப் பாத்துக்கணும். நாளைலேருந்து வரச் சொல்லிட்டாங்க."

"வேண்டாம்."

"ஒரு வருஷம் மா. அடுத்த கடிதாசி வர வரைக்கும். இங்க உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

"மாடிப்படிக்குக் கீழ படுக்க மாட்டேன்னு சொன்னவ நீ!"

"இப்பவும் படுக்க மாட்டேன். தினம் திரும்பி வந்துடுவேன். வண்டிதான் இப்ப நேரத்துக்கு வருதே."

பாருல் கத்தினாள், கரண்டியை வீசினாள், புருஷனுக்குப் போன் செய்து அவனையும் கத்த வைத்தாள். எதுவும் நடக்கவில்லை. பெண்ணுக்கும் அவள் பிடிவாதம்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பாருலும் ஒரு வருஷம் என்று சொல்லித்தான் ஏறினாள். அதை அவள் மகளிடம் சொல்லவில்லை.

மறுநாள் நாலே முக்காலுக்குத் தாயும் மகளும் மேடையில் நின்றார்கள். மாம்பியின் கையில் மாற்றுத்துணி மூட்டை. பெண்கள் வழக்கம்போல் வணக்கம் சொல்லிக் கேலி பேசவில்லை, சாபித்ரிகூட வாயைத் திறக்கவில்லை. மறியலுக்குப் பிறகு பதினோரு நாளாக வண்டி ஒரு நிமிஷமும் பிசகியதில்லை. மேடையில் ஒவ்வொருத்தியும் பாருலைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

பாருல் இருட்டில் கானிங் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, மா காளி, இன்று மட்டும் பிந்தட்டும், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். நாலு ஐம்பத்தைந்துக்கு வண்டி வந்து நின்றது.